நின்று நின்று தொடங்கிய பந்தயம்

நூறாண்டு கண்ட ஓர் அமைப்பின் வரலாற்றை விழா மலரில் எழுதுவது சுலபம். தொடக்க விழா, முதல் தலைவர், சொந்தக் கட்டடம், வெள்ளி விழா, பொன் விழா என்று ஆண்டு வரிசையில் அடுக்கிக்கொண்டே போகலாம். பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் வரலாறு அதற்கு இடம் கொடுக்காது. 1955இல் ஒரு முறை நடந்தது; பிறகு 29 ஆண்டுகள் பேச்சே இல்லை. 1984இல் மீண்டும் வந்தது, 1989இல் போயிற்று. 1992இல் வேறொருவர் கையில் வேறொரு பெயரில் பிழைத்தது. 2009இல் அதுவும் முடிந்தது. 2014இல் ஒரே ஒரு நாள் பந்தயமாகத் தலைகாட்டியது. இன்று நாம் காணும் வடிவம் 2022இல் பிறந்தது. ஆண்களின் டூரோ 1903இல் தொடங்கியது. இரண்டு உலகப் போர்கள் மட்டுமே அதை நிறுத்தின.

சைக்கிள் பந்தயத்தில் பெண்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தைரியம், விடாமுயற்சி என்று எழுதுவார்கள். அவை இருந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் தைரியத்துக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. பஞ்சம் வந்தது பந்தயத்துக்கு. இந்த ஆண்டு ஓட்டியவள் அடுத்த ஆண்டும் ஓட்ட ஒரு பந்தயம் இருக்கும் என்ற உறுதியை யாரும் தரவில்லை. அதனால் இந்தக் கட்டுரை வீராங்கனைகளின் வரலாறாக இருப்பதைவிட, அவர்களுக்குக் களம் அமைத்தவர்களின், அமைக்காமல் விட்டவர்களின் வரலாறாகவே இருக்கும்.

பிரான்ஸின் போர்தோ நகரப் பூங்காவில் 1868 நவம்பரில் பெண்கள் பந்தயம் ஓட்டியதாகப் பதிவு இருக்கிறது. சைக்கிள் என்ற வண்டி முழு உருப்பெறாத காலம் அது. இரும்புப் பட்டை போட்ட மரச் சக்கரங்கள். 1890களில் வண்டியும் மாறியது, வேகமும் கூடியது. பெல்ஜியத்தின் ஹெலன் துத்ரியூ 1895இல் ஒரு மணி நேரத்தில் 39 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். அமெரிக்காவில் ஸ்வீடனிலிருந்து குடியேறிய டில்லி ஆண்டர்சன் ஓட்டிய பந்தயங்களில் மிகப் பெரும்பாலானவற்றை வென்றார். கூட்டமும் வந்தது, பணமும் வந்தது. கூடவே மருத்துவர்களும் வந்தார்கள். சைக்கிள் ஓட்டும் பெண்ணின் முகம் இறுகி, கண் பிதுங்கி, நிரந்தரமாகக் கோணிவிடும் என்று எழுதி, அதற்கு ‘சைக்கிள் முகம்’ என்று நோய்ப் பெயரும் சூட்டினார்கள். 1902இல் அமெரிக்காவில் பெண்கள் பந்தயத்துக்குத் தடை விழுந்தது. முகம் கோணிய பெண் யாரும் அகப்பட்டதாகத் தெரியவில்லை.

இத்தாலியின் அல்ஃபோன்சினா ஸ்ட்ராடாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1891இல் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் லூயிஜி திருமணப் பரிசாகக் கொடுத்தது ஒரு பந்தய சைக்கிள். 1917, 1918 ஆண்டுகளில் லொம்பார்டி பந்தயத்தில் ஆண்களோடு ஓட்டினார். 1924இல் இத்தாலியின் பெரும் பந்தயமான ஜீரோ டி இத்தாலியாவில் ஒரு சிக்கல். பணத் தகராறில் பெரிய அணிகளும் நட்சத்திர வீரர்களும் விலகி நின்றார்கள். பந்தயம் நடத்திய காசெட்டா பத்திரிகைக்கு ஆள் தேவை. சோறும் படுக்கையும் தருகிறோம், தனியாக வருகிறவர்கள் வரலாம் என்று அறிவித்தது. அல்ஃபோன்சினாவும் பெயர் கொடுத்தார். பட்டியலில் அந்தப் பெயர் கடைசி எழுத்தில்லாமல் ‘அல்ஃபோன்சின்’ என்று வந்தது. அச்சுப் பிழையா, வேண்டுமென்றே செய்ததா என்று இன்றும் பேசுகிறார்கள். ஆண் பெயராகப் படிக்க வசதியாக இருந்தது என்பது மட்டும் உண்மை.

மொத்தம் 12 கட்டங்கள், 3,613 கிலோமீட்டர். தார் காணாத மலைச் சாலைகள், கியர் மாற்றும் வசதி இல்லாத வண்டி. எட்டாவது கட்டத்தில், லாக்விலாவிலிருந்து பெருஜியா போகும் வழியில், காற்றிலும் மழையிலும் விழுந்து ஹேண்டில்பார் உடைந்தது. வழியில் கிடைத்த துடைப்பக் கட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு ஓட்டி வந்து சேர்ந்தபோது கால வரம்பு கடந்துவிட்டது. நடுவர்கள் வெளியேற்றினார்கள். ஆனால் சாலையோரக் கூட்டம் இவரைப் பார்க்கத்தான் நின்றது என்பது பத்திரிகை ஆசிரியர் எமிலியோ கொலம்போவுக்குத் தெரியும். தரவரிசையில் இடம் கிடையாது, ஆனால் தொடர்ந்து ஓட்டலாம், செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஏற்பாடாயிற்று. புறப்பட்டவர்கள் 90 பேர். மிலானில் முடித்ததாகக் கணக்கில் உள்ளவர்கள் 30 பேர். கணக்கில் சேராத முப்பத்தோராவது ஆள் அல்ஃபோன்சினா. மறு ஆண்டு நட்சத்திரங்கள் திரும்பி வந்தார்கள். இவருடைய விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.

பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் இதில் முன்மாதிரி இருக்கிறது. ஆள் தேவைப்பட்டபோது கதவு திறந்தது. தேவை தீர்ந்ததும் மூடிக்கொண்டது.

உலக சைக்கிள் ஒன்றியமான யூசிஐ 1900இல் பாரிஸில் தொடங்கப்பட்டது. பெண்களுக்கு உலகச் சாம்பியன் பட்டம் ஒன்று உண்டு என்று அது ஏற்றது 1958இல். இடைப்பட்ட ஐம்பத்தெட்டு ஆண்டுகள் தானாகக் கரைந்துவிடவில்லை. பிரிட்டனில் ஐலீன் கிரே என்ற பெண்மணியும் அவர் சகாக்களும் 1949இல் பெண்களுக்கென்று ஒரு பந்தயச் சங்கத்தைத் தொடங்கி, கடிதம் எழுதியும் கூட்டங்களில் வாதாடியும் ஒன்றியத்தை நச்சரித்தார்கள். முதலில் 1955இல் பெண்களின் சாதனைகளைப் பதிவு செய்ய ஒன்றியம் ஒப்புக்கொண்டது. மூன்றாண்டு கழித்து பிரான்ஸின் ரேம்ஸ் நகரில் பெண்களின் முதல் உலகச் சாலைப் பந்தயம். வென்றவர் லக்சம்பர்க் என்ற சின்னஞ்சிறு நாட்டின் எல்சி ஜேக்கப்ஸ். அதே ஆண்டு நவம்பரில் மிலானில் அவர் ஒரு மணி நேரத்தில் ஓட்டிய 41.347 கிலோமீட்டர், 14 ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் நின்றது.

பத்திரிகையாளரும் பந்தய ஏற்பாட்டாளருமான ழான் லெயூலியோ 1955இல் நார்மண்டிப் பகுதியில் ஐந்து கட்டங்களாக நடத்தியதே பெண்களின் முதல் டூர். மேன் தீவைச் சேர்ந்த மில்லி ராபின்சன் வென்றார். பத்திரிகைகள் வேடிக்கைச் செய்தியாகப் போட்டன. அடுத்த ஆண்டு நடக்கவில்லை. அவ்வளவுதான் அதன் வரலாறு.

பெண்களால் முடியுமா என்ற கேள்வியை 1967க்குப் பிறகும் கேட்டவர்கள், தெரிந்தேதான் கேட்டிருக்க வேண்டும். இங்கிலாந்தின் யார்க்‌ஷர் பகுதியில் ருபார்ப் கீரைத் தோட்டத்தில் உடலுழைப்பு வேலை பார்த்துக்கொண்டே ஓட்டியவர் பெரில் பர்ட்டன். ஏழு உலகப் பட்டங்கள். பிரிட்டனின் சிறந்த ஆல்ரவுண்டர் வீராங்கனை விருது தொடர்ந்து 25 ஆண்டுகள் அவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அந்த 1967இல் 12 மணி நேரப் பந்தயம் ஒன்றில் அவர் 277.25 மைல், அதாவது 446 கிலோமீட்டர் ஓட்டினார். அதே நாள் அதே சாலையில் ஆண்களுக்கான தேசியச் சாதனையை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்த மைக் மெக்னமாராவை எட்டிப் பிடித்து, கடந்து போகும்போது பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். மெக்னமாரா அன்று ஆண்கள் சாதனையை முறியடித்தார்; ஆனால் பர்ட்டன் ஓட்டிய தூரம் அதைவிட முக்கால் மைல் அளவுக்கு அதிகம். பெண்கள் பிரிவில் அந்தத் தூரத்தை மிஞ்ச இன்னொருவர் வருவதற்கு 2017 ஆயிற்று.

இப்படி ஒருவர் இருந்த காலத்தில்தான் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு சைக்கிள் பந்தயமே கிடையாது. ஆண்களுக்கு 1896 முதல் இருந்தது. பெண்களுக்கு முதல் வாய்ப்பு 1984 லாஸ் ஏஞ்சலீஸில், ஒரே ஒரு சாலைப் பந்தயமாக வந்தது. அமெரிக்காவின் கோனி கார்ப்பென்டர் தன் நாட்டின் ரெபெக்கா ட்விக்கை எல்லைக் கோட்டில் நூலிழையில் முந்தினார். பர்ட்டனுக்கு அப்போது வயது 47.

அதே 1984 கோடையில்தான் டூர் டி பிரான்ஸ் நிர்வாகம் பெண்களுக்கும் பந்தயம் நடத்தத் துணிந்தது. ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஆண்கள் ஓட்டும் அதே நாளில், அதே பாதையின் பிற்பகுதியில், சில மணி நேரம் முன்னதாகப் பெண்கள் ஓட்டுவார்கள். காலையிலேயே சாலையோரம் இடம் பிடித்துக் காத்திருக்கும் கூட்டத்துக்கு இது கூடுதல் விருந்து. 36 பேர், ஆறு அணிகள், 18 கட்டங்கள். பைரனீஸ், ஆல்ப்ஸ் இரண்டு மலைகளும் உண்டு. அமெரிக்காவின் மரியான் மார்ட்டின் ஆல்ப்ஸில் முன்னேறி, முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையைப் பிடித்து, பாரிஸில் ஆண்களில் வென்ற லாரன் ஃபின்யோவோடு மேடையில் நின்றார். அவருக்குக் கிடைத்தது ஒரு கோப்பையும் சுமார் ஆயிரம் டாலரும். அந்தக் கோடையில் ஓட்டுவதற்காகப் பட்ட கடன் அதைவிட அதிகம் என்று பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அடுத்த இரண்டு ஆண்டுகளும் இத்தாலியின் மரியா கானின்ஸ் வென்றார். பனிச்சறுக்கில் பெயர் வாங்கிவிட்டு, குழந்தை பெற்ற பிறகு, முப்பது வயதைக் கடந்து சைக்கிளுக்கு வந்தவர். 1987 முதல் மூன்று ஆண்டுகள் பிரான்ஸின் ழானி லாங்கோ. சொந்த நாட்டுக்காரி வெல்கிறாள், அதுவும் மூன்று முறை. பந்தயம் வேரூன்ற இதைவிட நல்ல சூழல் வாய்க்காது. 1989க்குப் பிறகு நிர்வாகம் கைவிட்டுவிட்டது. பெண்கள் பின்தங்கியதால் அல்ல. செலவுக்கு ஏற்ற வரவு இல்லை என்பதால். லாங்கோ மட்டும் நிற்கவில்லை. 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக் தங்கம் வாங்கி, 2008 பெய்ஜிங்கில் 49 வயதில் நேரக்கணக்கு ஓட்டத்தில் நான்காவதாக வந்தார். அவர் மூன்று முறை வென்ற பந்தயம் போய் அப்போது 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வரவு ஏன் இல்லை? சாலைப் பந்தயத்துக்கு டிக்கெட் கிடையாது. மைதானமும் இல்லை, வாசலும் இல்லை. சாலையோரம் நிற்பவர் காசு கொடுப்பதில்லை. முழு வருமானமும் விளம்பரதாரரிடமிருந்து வர வேண்டும். விளம்பரதாரர் தொலைக்காட்சியைப் பார்த்து வருவார். தொலைக்காட்சி பெண்கள் பந்தயத்தைக் காட்டவில்லை. ஆகவே விளம்பரதாரர் வரவில்லை. ஆகவே அணிக்குப் பணமில்லை. ஆகவே வீராங்கனை பகலில் வேலைக்குப் போய் மாலையில் பயிற்சி செய்தாள். ஆகவே பந்தயத்தின் தரம் போதவில்லை என்றார்கள். ஆகவே தொலைக்காட்சி காட்டவில்லை. இதில் யாரையும் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் இந்தச் சுற்றை எங்காவது வெட்ட அதிகாரமும் பணமும் இருந்தவர்கள் இரண்டே தரப்பினர்தான்: விதி வகுக்கும் ஒன்றியமும், பெரிய பந்தயங்களைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்களும். பெண்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயிக்கும் அளவுக்கு விளையாட்டு வளரவில்லை என்று 2011இல்கூட ஒன்றியத்தின் அன்றைய தலைவர் பாட் மெக்வேய்ட் சொன்னார். சம்பளமில்லாமல் எப்படி வளரும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

1992இலிருந்து பியர் பூவே என்பவர் தனி முயற்சியாகப் பெண்களுக்கு ஒரு பிரெஞ்சுச் சுற்று நடத்தினார். டூர் என்ற பெயருக்கு உரிமை கொண்டாடியவர்களோடு வழக்கு வந்து 1998இல் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் இரண்டு வாரம் ஓடிய பந்தயம் சுருங்கிச் சுருங்கி, 2004இல் நடக்காமலே போய், 2009இல் நான்கே நாளாக முடிந்தது. பிரிட்டனின் எமா பூலி கடைசி வெற்றியாளர். அந்தக் காலத்தின் வீராங்கனைகளில் நெதர்லாந்தின் லியோன்டின் வான் மோர்செலை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். இரண்டு முறை அந்தச் சுற்றை வென்றவர், உடல் எடையைக் குறைக்கும் வெறியில் உணவு மறுப்பு நோய்க்கு ஆளாகி, பந்தயத்தை விட்டே விலகினார். மீண்டு வந்து 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார். மலையேறும் பந்தயத்தில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. அந்த நெருக்கடி இன்றும் தீரவில்லை. பணமும் புகழும் கூடக் கூட அது இன்னும் இறுகுமோ என்ற கவலையை வீராங்கனைகளே வெளிப்படையாகப் பேசுகிறார்கள்.

2013இல் எமா பூலி, நெதர்லாந்தின் மரியானா ஃபாஸ், அமெரிக்காவின் கேத்ரின் பெர்ட்டைன், டிரையத்லான் வீராங்கனை கிறிஸ்ஸி வெலிங்டன் நால்வரும் ஒரு மனு தயாரித்தார்கள். பெண்களையும் டூரில் ஓட்ட விடுங்கள் என்பதே கோரிக்கை. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். டூரை நடத்தும் ஏஎஸ்ஓ நிறுவனம் இறங்கி வந்தது. ஒரு நாளுக்கு மட்டும். 2014 ஜூலை 27 அன்று, ஆண்கள் பாரிஸ் வந்து சேர்வதற்கு முன் ஷாம்ஸ் எலிசே சாலையில் ‘லா கூர்ஸ்’ என்ற ஒரு நாள் பந்தயம் நடந்தது. மனுப் போட்ட ஃபாஸே வென்றார். வெற்றியாளருக்கு 22,500 யூரோ. அன்று ஆண்கள் டூரில் ஒரு கட்டம் வென்றவருக்குக் கிடைத்த அளவு.

ஒரு நாள் போதாது என்று சொல்ல பிரான்ஸில் ஒரு பெண்கள் குழு வேறு வழி கண்டது. 2015 முதல், ஆண்கள் டூரின் முழுப் பாதையையும் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு நாள் முன்னதாக ஓட்டிக் காட்டினார்கள். பரிசு இல்லை, மூடிய சாலை இல்லை, போட்டியும் இல்லை. எந்த மனுவையும்விட இது வலுவான வாதம் என்பது என் எண்ணம்.

உண்மையான திருப்பம் வந்தது விதிப் புத்தகத்தில். ஒன்றியம் 2016இல் பெண்களுக்கு உலகச் சுற்றுத் தொடரை உருவாக்கியது. 2017இல் நெதர்லாந்தின் ஐரிஸ் ஸ்லாப்பென்டலும் வேறு இருவரும் சேர்ந்து வீராங்கனைகளுக்கென்று தொழிற்சங்கம் தொடங்கி, ஒப்பந்தம் என்ற பெயரில் என்னென்ன தாள்களில் கையெழுத்து வாங்குகிறார்கள் என்பதை வெளிக்கொண்டு வந்தார்கள். 2020இல் மூன்று விதிகள் அமலாயின. முதல்தர அணிகளில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 15,000 யூரோ, பிரசவ விடுப்பு, உலகச் சுற்றில் இடம் பெற விரும்பும் பந்தயம் குறைந்தது 45 நிமிடம் நேரலையில் வர வேண்டும். தொலைக்காட்சி, விளம்பரம், பணம் என்று மேலே சொன்ன சுற்றை வெட்டியது இந்த 45 நிமிடம்தான். சம்பளம் 2022க்குள் 27,500 யூரோ ஆயிற்று.

பிரசவ விடுப்பு என்றால் பிரிட்டனின் லிஸ்ஸி டைக்னன் நினைவுக்கு வருவார். 2018இல் தாயாகி மறு ஆண்டே திரும்பியவர். 2021 அக்டோபர் 2 அன்று, கருங்கல் பாவிய சாலைகளுக்குப் பேர்போன பாரிஸ்–ரூபே பந்தயம் பெண்களுக்கு முதன்முறையாக நடந்தது. ஆண்கள் அதில் 1896 முதல் ஓட்டுகிறார்கள். மழையில் நனைந்த கற்களில் டைக்னன் 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி வென்றபோது, கையுறை போடாத உள்ளங்கைகளிலிருந்து ரத்தம் ஹேண்டில்பாரில் ஒட்டியிருந்தது. பரிசு 1,535 யூரோ. மறுநாள் ஆண்களில் வென்றவருக்கு 30,000. வித்தியாசத்தை அவருடைய அணி தன் பணத்திலிருந்து ஈடு செய்தது.

2022 ஜூலை 24 அன்று ஈபிள் கோபுரத்தின் அருகிலிருந்து பெண்களின் டூர் டி பிரான்ஸ் மீண்டும் புறப்பட்டது. எட்டுக் கட்டங்கள், 144 பேர். இயக்குநர் முன்னாள் வீராங்கனை மரியோன் ரூஸ். முதல் நாட்களில் வயிற்றுக் கோளாறால் சாப்பிடவே முடியாமல் தவித்த நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன், வோஜ் மலைகளில் எல்லோரையும் விட்டுவிட்டுப் போய் வென்றார், வயது 39. அவருக்கு 50,000 யூரோ, ஆண்கள் வெற்றியாளருக்கு 5 லட்சம். பிரான்ஸில் மட்டும் சராசரியாக 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 2023இல் டெமி வோலரிங். 2024இல் ஆல்ப் துவேஸ் மலை உச்சியில் போலந்தின் காசியா நியெவியாதோமா வோலரிங்கை வென்ற வித்தியாசம் நான்கே வினாடி. ஆண்கள் டூரில் மிகக் குறைந்த வித்தியாசம், 1989இல், எட்டு வினாடி. 2025இல் ஒன்பது கட்டங்கள்; லாங்கோவுக்குப் பிறகு 36 ஆண்டுகள் கழித்து ஒரு பிரெஞ்சுப் பெண், போலின் ஃபெராண்ட்-ப்ரெவோ, மஞ்சள் சட்டையோடு முடித்தார்.

ஆண்களுக்கு 21 கட்டம், பெண்களுக்கு ஏன் ஒன்பது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனால் 18 கட்டங்களோடு தொடங்கிய 1984 பந்தயம் ஆறு ஆண்டில் செத்தது. எட்டோடு தொடங்கியது ஒன்பதாக வளர்ந்திருக்கிறது. அணிகளில் ஆள் பலம் பெருகாமல் நாட்களை மட்டும் கூட்டினால் மீண்டும் பழைய கதை ஆகலாம். கட்டங்களை மெல்லக் கூட்டும் ரூஸின் நிதானத்தை நான் ஆதரிக்கிறேன். ஒருநாள் பந்தயங்களில் பெண்களுக்குத் தூரத்தைக் குறைத்து வைக்கும் வரம்பு விஷயம் வேறு. அது பெரும்பாலும் பழைய பழக்கம். நம் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நடக்கும் அண்ணா மிதிவண்டிப் போட்டியிலும் 13 வயதுக்குட்பட்ட மாணவருக்கு 15 கிலோமீட்டர், மாணவிக்கு 10 என்றே வைத்திருக்கிறோம். அந்த வயதில் இந்த ஐந்து கிலோமீட்டர் குறைப்புக்கு என்ன உடலியல் காரணமோ, யாராவது விளக்கினால் நல்லது. ஆனால் பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024இல் ஆண்களும் பெண்களும் ஒரே 32.4 கிலோமீட்டர் நேரக்கணக்குப் பாதையில் ஓட்டினார்கள். சாலைப் பந்தயத்தில் இரு பாலருக்கும் தலா 90 இடங்கள்.

ஒன்றியம் கதவு திறந்த கதை இன்னொன்றும் உண்டு. ஆப்கானிஸ்தானின் ஹாஷிமி சகோதரிகள் ஃபரிபாவும் யுல்துசும் சாலையில் சைக்கிள் ஓட்டியதற்காகக் கல்லடி பட்டவர்கள். 2021இல் நாட்டை விட்டு வெளியேறினார்கள். 2022 அக்டோபரில் அந்த நாட்டுப் பெண்களின் தேசியச் சாம்பியன் பந்தயம் சுவிட்சர்லாந்தில், உலக ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் ஏக்ல் ஊரில் நடந்தது. தங்கை ஃபரிபா முதலிடம், அக்கா யுல்துஸ் இரண்டாமிடம். இருவரும் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓட்டினார்கள். கதவை மூடியே பழகிய ஓர் ஒன்றியம், தன் வாசலிலேயே ஒரு நாட்டுக்குப் பந்தயம் நடத்திக் கொடுத்ததை அதன் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

குறைகள் மீதி இருக்கின்றன. முதல்தர அணிகளுக்குக் கீழே, மூன்றாம் அடுக்கில் ஓட்டுபவர்களுக்கு உலக அளவில் சம்பள உறுதி இன்றும் இல்லை. டூரின் பரிசு இடைவெளி அப்படியே இருக்கிறது. தொலைக்காட்சி பார்க்கும் ஐரோப்பாவுக்கு வெளியே பெண்களுக்குப் பெரிய பந்தயங்கள் குறைவு.

இந்த மலரைப் படிக்கும் பந்தயக் குழுவினருக்கும் விளையாட்டுச் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் பெண்களுக்கு சைக்கிள் பந்தயம் வைத்தால் பரிசுத் தொகையை நோட்டீஸிலேயே அச்சிடுங்கள். ஆண்கள் பந்தயம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு வைக்காமல், முன்னால் வையுங்கள். பரிசளிப்பு மேடையை விட்டு இறங்குவதற்குள் அடுத்த ஆண்டுக்கான தேதியையும் அறிவித்துவிடுங்கள்.